சார் இல்லையா?

மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், ஆண்கள் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி "சார் இல்லையா?" என்பதுதான். காய்ச்சல் மாத்திரைக்கோ கேஸ் மாத்திரைக்கோ யாரும் சாரைத் தேடுவதில்லை. திண்டுக்கல்லில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து கடை நடத்துகிறோம். டி.ஃபார்ம் படித்தவள் நான், உரிமம் என் பெயரில் இருக்கிறது. அவர் பி.காம். ஆனால் "அந்த" மாத்திரைக்கு வருகிறவருக்கு வேண்டியது சார்தான்.

வருகிற விதம் எப்போதும் ஒன்றே. முதலில் ஒரு ஸ்ட்ரெப்சில்ஸ் வாங்குவார். பக்கத்தில் நிற்கும் ஆள் போகும்வரை அலமாரியில் இருக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில்களை ஆராய்வார். அப்புறம் செல்போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுவார். "ஒரு பிரெண்டு கேட்டாரு." நம் ஊரில் இந்த நண்பர்களுக்குத்தான் எவ்வளவு பிரச்சினை! சீட்டு இருக்கிறதா என்று கேட்டால் ஆள் மாயம். விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில், டாடலாஃபில் எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகள். எத்தனை கடைகளில் அதைப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த வெட்கம் அல்ல, அது அவரவர் சொந்த விஷயம். இந்த ஆட்களின் வேறு சீட்டுகள் எனக்கு அத்துப்படி. மாதாமாதம் இதே ஆட்கள் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டன், கொலஸ்ட்ரால் மாத்திரை என்று பட்டியல் போட்டு வாங்கிப் போகிறவர்கள். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள். அதற்குப் பார்க்கும் டாக்டரிடம் கால் எரிச்சலைச் சொல்கிறார்கள், கண் மங்குவதைச் சொல்கிறார்கள். விறைப்பு வராததை மட்டும் சொல்வதில்லை. டாக்டரும் கேட்பதில்லை. டோக்கன் நம்பர் அறுபத்தைந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது எப்படிக் கேட்பார், பாவம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள்: பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2017-ல் வெளியிட்ட தொகுப்பில், சர்க்கரை நோயுள்ள ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. மற்றவர்களுக்கு வருவதைவிடப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னாலேயே இவர்களுக்கு வந்துவிடுகிறது. அதாவது நம் தெருவில் சர்க்கரையுள்ள ஆண்கள் நாலு பேர் இருந்தால் அதில் இரண்டு பேர் வீட்டில் இது நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் தெருவில் ஒருவருக்கும் இது இல்லை.

உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறது. அதன் சுருக்க வடிவில் 26 கேள்விகள். தூக்கம் எப்படி, வலி உண்டா, கையில் காசு போதுமா, வீட்டைச் சுற்றி எப்படி இருக்கிறது என்று போகும். 21-ஆவது கேள்வி தாம்பத்திய வாழ்க்கையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்பது. இதை வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1990-களில் இந்தக் கேள்வித்தாளை உருவாக்கிய பதினைந்து மையங்களில் நம் சென்னையும் ஒன்று. உறவுகள், தாம்பத்தியம், நண்பர்களின் துணை இந்த மூன்றையும் ஒரே பிரிவில் வைத்தார்கள். எனக்கு அது சரியான இடம் என்று படுகிறது. ஏனென்றால் கடையில் நான் பார்ப்பது படுக்கையறைச் சிக்கலை அல்ல, வீட்டுக்குள் இரண்டு பேர் பேசாமல் போவதை.

ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் சொல்கிறேன். கணவருக்கு மாதாந்திர மாத்திரை வாங்க அவர்தான் வருவார். ஒரு நாள் பையை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. "ஏக்கா, இந்தச் சுகர் மாத்திரை ஆளையே மாத்திருமா?" என்றார். என்னம்மா ஆச்சு என்றேன். ஒரு வருஷமாக வீட்டுக்காரர் மொட்டை மாடியில் படுக்கிறாராம். காற்று வருகிறது என்று சொல்லி ஏறியவர், மழை நாளிலும் இறங்குவதில்லையாம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். "வேற எங்கயும் தொடர்பு இருக்குமோன்னு ராத்திரியெல்லாம் யோசனை. போனையெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன்க்கா. ஒண்ணுமில்ல. அப்ப எனக்குத்தான் வயசாயிருச்சு போல."

அவர் கையில் இருந்த பையில் பழைய லேப் ரிப்போர்ட்டும் இருந்தது. மூன்று மாதச் சராசரி, அதுதான் எச்.பி.ஏ1சி, 10-க்கு மேல். ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. வேறு பெண் யாரும் இல்லை, இந்த எண்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மாத்திரை மாற்றவில்லைம்மா, சர்க்கரைதான் மாற்றியிருக்கும், அடுத்த முறை டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போங்கள் என்று சொன்னேன். நிறைய நேரம் நின்றார். சில மாதம் கழித்து வந்தபோது கேட்டேன். "முழுசாச் சரியாகலையாம்க்கா. ஆனா கீழ வந்து படுக்கறாரு. சண்டை இல்ல."

இதில் உடம்பு செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் புரிந்துவிட்டால் பாதி வெட்கம் போய்விடும். விறைப்பு என்பது இரத்த ஓட்ட விவகாரம். மனதில் ஆசை எழுந்ததும் நரம்பு வழியாகச் சேதி போகிறது. இரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகிறது. குழாய் தளர்கிறது, இரத்தம் நிரம்புகிறது. இந்த வாயு உடம்புக்குள் சேதி சொல்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 1998-ல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள். வயாகரா என்ற சில்டெனாஃபிலுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே வருஷம் மார்ச்சில். அந்த மருந்தே முதலில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்டதுதான். இதயத்துக்குத் தேடியது வேறு இடத்தில் வேலை செய்தது.

சர்க்கரை இந்தச் சங்கிலியில் எல்லா இடத்திலும் கை வைக்கிறது. நரம்பைக் கெடுக்கிறது, குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது, டைப் 2 உள்ள பருமனான ஆண்களில் பலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைகிறது. சிலருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் இளவயது சர்க்கரைக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சொல்லப்போவதுதான் நான் எழுதவந்ததே. ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போகும் தமனி 3 முதல் 4. எங்கள் ஊர்ப்பக்கம் சொட்டுநீர் போட்ட விவசாயிகளுக்குத் தெரியும், உப்புத்தண்ணீர் பாய்ந்தால் பெரிய குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னக் குழாய் அடைத்துக்கொள்ளும். அதே கதைதான். விறைப்பில் கோளாறு தெரிந்து இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் நெஞ்சில் பிரச்சினை காட்டுவது பலருக்கு நடக்கிறது. எனவே நாற்பது ஐம்பது வயதில் இது புதிதாக வந்தால், சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பார்த்து, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லும் அறிகுறி அது. அதைக் கொண்டுபோய் லாட்ஜ் ரூமில் சொன்னால் என்ன கிடைக்கும்? லேகியம்.

லாட்ஜ் டாக்டர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைத் தமிழில் எழுத முடியாது. மாதம் ஒரு நாள் ஊருக்கு ஊர் லாட்ஜில் அறை போட்டு உட்காருவார்கள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் தொடங்கி நள்ளிரவு டி.வி. வரை விளம்பரம். "கல்யாணத்துக்கு முன் செய்த தவறு" என்று ஆரம்பித்து, சுய இன்பத்தால் நரம்பு செத்துவிட்டது என்று பயமுறுத்தி, ஆயிரக்கணக்கில் பிடுங்குவார்கள். அது பச்சைப் பொய். சுய இன்பத்தால் எந்த நரம்பும் சாவதில்லை. காம சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். எழுபது வருஷம் ஆகிவிட்டது, சுவரில் பசை காயவில்லை. இன்னொன்றும் உண்டு. "மூலிகை", "பக்கவிளைவு இல்லாதது" என்று விற்கும் பவர் மாத்திரைகளில் சில்டெனாஃபிலையே கலந்து விற்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. அளவும் தெரியாது, உள்ளே இருப்பதும் தெரியாது.

இதற்கு மாற்றாக ஒரு காலத்தில் நமக்கு டாக்டர் மாத்ருபூதம் இருந்தார். விஜய் டி.வி.யில் "புதிரா புனிதமா" வந்தபோது சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்க்காத வீடு குறைவு. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், ஆனால் சொன்னதெல்லாம் மருத்துவம். கேட்டவர்களை ஒருபோதும் கேலி செய்ததில்லை. அவர் போன பிறகு அந்த நாற்காலியில் யூடியூப் வந்து உட்கார்ந்துவிட்டது. அதைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை.

பெண்கள் பக்கம் வருவோம். அவர்கள் என்னிடம் "சார் இல்லையா" என்று கேட்பதில்லை. சார் இருந்தால் போய்விட்டுப் பிறகு வருகிறார்கள். கேட்பது ஒரு க்ரீம். "அடிக்கடி அரிக்குதுக்கா." க்ளோட்ரிமசோல் வாங்கிப் போவார்கள், மறுபடி வருவார்கள். திரும்பத் திரும்ப வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி சர்க்கரை பார்த்தீர்களா என்பது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆண்களுக்கும் அப்படித்தான், முன்தோலில் வெடிப்பும் எரிச்சலும் அடிக்கடி வருவதுதான் சிலருக்குச் சர்க்கரையின் முதல் அடையாளம். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒருவர்மீது ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள், குற்றவாளி காலையில் குடித்த மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட காபியாக இருக்கும்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிக நல்ல மருந்து. 2020-ல் இங்கே காப்புரிமை முடிந்து விலை மளமளவென்று இறங்கியதும் எல்லாச் சீட்டிலும் வர ஆரம்பித்தது. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்து, எனவே பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் கழுவித் துடைத்து உலர வையுங்கள், தொற்று வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சீட்டில் இந்த ஒரு வரியை எழுதித் தருகிற டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சியைப் பற்றிப் பெண்கள் என்னிடம்கூட நேராகச் சொல்வதில்லை. "உரசுதும்மா, எரியுது, அந்த மனுசன் கிட்ட வந்தாலே பயமா இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னதுதான் அதிகபட்சம். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து, ஈரம் குறைந்து, உறவு என்றாலே வலி என்றாகிவிடும். சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வரும். சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இது வயதானால் சகித்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று யாரோ தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் சார்ந்த வழுவழுப்பு ஜெல் கடையிலேயே கிடைக்கிறது, அதற்குச் சீட்டே வேண்டாம். அது போதாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, அது மகளிர் நோய் மருத்துவர் எழுதித் தர வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

மாத்திரைகளைப் பற்றிக் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். "பிரஷர் மாத்திரை போட்டதிலிருந்துதான் இப்படி" என்று தானாக நிறுத்திவிடுகிற ஆட்கள் நிறைய. சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். நீர் பிரியவைக்கும் தயாசைடு வகை, அடினோலால் போன்ற பழைய பீட்டா பிளாக்கர், மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாம் விறைப்பையோ ஆசையையோ உச்சத்தையோ பாதிக்கக்கூடும். ஆனால் இவற்றுக்கெல்லாம் மாற்று இருக்கிறது. டெல்மிசார்டன், லோசார்டன் வகைக்கு அந்தக் கெட்ட பெயர் இல்லை. டாக்டரிடம் ஒரு வாக்கியம் சொன்னால் மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்தினால் பக்கவாதம் வரலாம், அப்புறம் படுக்கையைத் தனியாகப் போட வேண்டிய அவசியமே இருக்காது. மெட்ஃபார்மினால் ஆண்மை போகிறது என்று நிறுத்துகிறவர்களுக்கும் இதே பதில்தான். கெடுப்பது சர்க்கரை, மாத்திரை அல்ல.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் வேறு மாதிரிப் பயம். அவரைவிட மனைவிக்குப் பயம் அதிகம். பிள்ளைகள் வேறு அப்பா அம்மாவைத் தனித்தனி அறையில் படுக்க வைத்துவிடுகிறார்கள், நல்லெண்ணத்தில்தான். பழகிய துணையோடு உறவு கொள்ள இதயத்துக்கு ஆகும் உழைப்பு, வேகமாக இரண்டு மாடிப் படி ஏறுகிற அளவுதான். நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இல்லாமல் அதைச் செய்ய முடிகிறவருக்குப் பெரும்பாலும் தடை இல்லை. எப்போதிலிருந்து என்பதை மட்டும் இதய டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் உப்பைக் குறை, நட என்று எழுதுகிறார்கள். இதைக் கேட்காமல் எழுத மாட்டார்கள்.

மருந்தில்லாமல் சரியாகுமா என்று கேட்பவர்களுக்கு: கொஞ்சம் ஆகும். இத்தாலியில் 110 பருமனான ஆண்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது, சர்க்கரை இல்லை. உணவும் நடையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து இரண்டு வருஷம் கவனித்த குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சரியாகிவிட்டது. பீடி சிகரெட்டை விட்டால் குழாய்க்கு நல்லது. சில்டெனாஃபிலும் எல்லோருக்கும் வேலை செய்யாது. சர்க்கரை உள்ளவர்களிடம் செய்து 1999-ல் வெளியான ஆய்வில் 56 சதவீதம் பேருக்குத்தான் பலன் கிடைத்தது. பிரியாணி சாப்பிட்டுவிட்டு அந்த மாத்திரையைப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். போட்டுவிட்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தால் எதுவுமே நடக்காது, ஆசை இருந்தால்தான் அது வேலை செய்யும். பலன் இல்லையென்றால் அதோடு கதை முடியவில்லை, ஊசி, பம்பு, அறுவை சிகிச்சை என்று யூராலஜி டாக்டரிடம் வேறு வழிகள் இருக்கின்றன.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பித்த பிறகு சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய காரியம். மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் ஐம்பது வயது ஆண் இதைச் சொல்வாரா? மாட்டார். எனவே எளிதாக ஒரு வழி சொல்கிறேன். வாய் வரவில்லையென்றால் எழுதுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் "எனக்கு ஆறு மாதமாக விறைப்பு வருவதில்லை" அல்லது "உறவின்போது வலிக்கிறது" என்று எழுதி, லேப் ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டர் மேஜையில் வைத்துவிடுங்கள். எங்கள் கடை வாடிக்கையாளர் ஒருவர் அப்படித்தான் செய்தார். டாக்டர் படித்துவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நர்ஸை வெளியே போகச் சொன்னாராம்.

கடைசியாக, மாத்திரையை ரகசியமாகப் போடுகிறவர்களுக்கு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் பல வீடுகளில் இருக்கிறது. அதையும் சில்டெனாஃபிலையும் ஒரே உடம்பு தாங்காது. இரண்டும் குழாயை விரிப்பவை, பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்கும், டாடலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்கும் சார்பிட்ரேட் கூடாது. தினமும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இரண்டையும் தொடவே கூடாது. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். நடுராத்திரி நெஞ்சு வலித்தால் மனைவி பதறிப்போய் சார்பிட்ரேட்டைத்தான் எடுத்துவருவார், 108-ல் வருகிறவர்களும் அதைத்தான் யோசிப்பார்கள். நீங்கள் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று அந்த நேரத்தில் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம். எனவே போடுகிற மாத்திரையின் பெயரை இன்றைக்கே உங்கள் மனைவியிடம் சொல்லிவையுங்கள்.